காந்தியின் கிராமமா, அம்பேத்கரின் தனிமனிதனா?

கேள்வி: "கிராமம்தான் ஆட்சியின் அடித்தளம் என்றார் காந்தி. அம்பேத்கர் கிராமத்தையே வேண்டாம் என்று ஒதுக்கினார். உத்திரமேரூரில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குடவோலை முறை இருந்த நாட்டில், கிராமத்தின் மேல் அவருக்கு ஏன் அவ்வளவு கசப்பு? அதிகாரம் முழுவதையும் கிராம சபையிடம் கொடுத்துவிட்டால் நல்லாட்சி வந்துவிடாதா?"

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏரி, குளம், மேய்ச்சல் நிலம், மலை, சாலை போன்ற பொதுச் சொத்தைப் பற்றி ஊர்தான் முடிவெடுக்க வேண்டும். இதில் நான் காந்தியின் பக்கம். ஒருவர் எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தத் தண்ணீரைக் குடிக்கலாம், எந்த நாற்காலியில் உட்காரலாம் என்பதில் ஊருக்கு ஒரு பேச்சும் இருக்கக் கூடாது. இதில் அம்பேத்கரின் பக்கம். இரண்டில் எதை முதலில் உறுதி செய்ய வேண்டும் என்று கேட்டால், தயங்காமல் அம்பேத்கர் சொன்னதைத்தான் என்பேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காந்தியிடமிருந்து தொடங்குவோம். அவரது கிராம சுயராஜ்யத்தை ஏதோ பழங்காலத்துக் கனவு என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. 1909 நவம்பரில் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலில் திரும்பும்போது, வலது கை சோர்ந்தால் இடது கையால் தொடர்ந்து, அவர் 'இந்திய சுயராஜ்யம்' நூலை எழுதினார். வெள்ளைக்காரன் போனபின் அதே அரசு, அதே படை, அதே அலுவலகங்களை நாமே நடத்தினால் என்ன மாறிவிடும் என்பதுதான் அதில் அவர் எழுப்பும் முக்கியக் கேள்வி. புலி வேண்டாம், புலியின் குணம் மட்டும் வேண்டும் என்கிறீர்களே என்று எதிரில் இருப்பவரைக் கேட்கிறார். எங்கோ தலைநகரில் இருக்கும் அதிகாரத்தை நடத்துபவர் நல்லவரா கெட்டவரா என்பதைவிட, அது நம் கைக்கு எட்டாத தூரத்தில் இருப்பதே ஆபத்து என்பது அவர் கருத்து. 1975இல் நெருக்கடி நிலையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரே இரவில் டெல்லி எடுத்த முடிவு நாடு முழுவதையும் கட்டிப்போட்டது.

1942 ஜூலையில் ஹரிஜன் இதழில் அவர் தன் கிராமத்தை வர்ணிக்கிறார். ஒவ்வொரு ஊரும் ஒரு முழுமையான குடியரசு. தனக்கு வேண்டிய உணவையும் துணியையும் தானே விளைவித்து நெய்துகொள்ளும். வயதுவந்த ஆண்களும் பெண்களும் ஆண்டுதோறும் ஐந்து பேர் கொண்ட பஞ்சாயத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். இன்றுள்ளதுபோன்ற சாதிகளும் படிப்படியான தீண்டாமையும் அங்கே இருக்காது. இந்தக் கடைசி வரியைக் காந்தியை விமர்சிப்பவர்கள் பல சமயம் விட்டுவிடுகிறார்கள். அவர் பேசியது அன்றிருந்த ஊரைப் பற்றி அல்ல, வர வேண்டிய ஊரைப் பற்றி.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அதே 1942 ஜூனில் அமெரிக்கப் பத்திரிகையாளர் லூயி ஃபிஷர் சேவாகிராமம் வந்து காந்தியுடன் ஒரு வாரம் தங்கினார். சுதந்திர இந்தியாவின் ஆட்சி எப்படி இருக்கும் என்று கேட்டார். இந்தியாவில் 7 லட்சம் கிராமங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் தன் மக்களின் விருப்பப்படி அமையும், எல்லோரும் வாக்களிப்பார்கள் என்றார் காந்தி. அதன்பின் நாட்டில் 40 கோடி வாக்குகள் இருக்காது, 7 லட்சம் வாக்குகள்தான் இருக்கும், கிராமத்துக்கு ஒரு வாக்கு. கிராமங்கள் மாவட்ட நிர்வாகத்தைத் தேர்ந்தெடுக்கும், மாவட்டங்கள் மாகாண நிர்வாகத்தை, மாகாணங்கள் நாட்டின் தலைவரை.

அன்றைய ஒரு கிராமத்தில் நிலமில்லாத தலித் கூலித் தொழிலாளி ஒருவரின் இடத்திலிருந்து இதைப் பாருங்கள். அவர் உழுவது பண்ணையார் நிலம். குடியிருப்பது பண்ணையார் விட்டு வைத்த இடம். ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாது. பஞ்சாயத்துத் தேர்தலில் அவருக்கு வாக்கு உண்டு, ஆனால் சாவடியில் உட்காரப்போவது யார் என்று அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அந்தச் சாவடிதான் மாவட்டத்துக்கு ஆள் அனுப்பும், மாவட்டம் மாகாணத்துக்கு அனுப்பும். அவருடைய வாக்கு முதல் படியிலேயே நின்றுவிடும். மேலே யாரிடமாவது முறையிட வேண்டுமென்றாலும், அந்த மேலிடம் அவரை அடக்கி வைத்தவர்களின் வாக்கிலிருந்தே பிறந்தது. நேரடி வாக்குரிமை என்ற ஒன்று இருந்தால்தான் அவர் ஊரைத் தாண்டி நாட்டோடு பேச முடியும். கிராமத்துக்கு ஒரு வாக்கா, ஆளுக்கு ஒரு வாக்கா? காந்திக்கும் அம்பேத்கருக்கும் இடையிலிருந்த வேறுபாட்டின் மையம் இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இது நடைமுறைக்கு வராத ஏட்டுச் சர்ச்சை இல்லை. 1948 மே மாதம் அரசமைப்பு அவையின் தலைவர் ராஜேந்திர பிரசாத், கிராமத்தில் மட்டும் நேரடித் தேர்தல் வைத்து மேலடுக்குகளை மறைமுகமாகத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பரிசீலிக்கச் சொல்லி ஆலோசகர் பி.என். ராவுக்குக் கடிதம் எழுதினார். வயதுவந்தோர் எல்லோருக்கும் நேரடி வாக்கு என்று அவை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டதை ராவ் சுட்டிக்காட்டினார். அந்த முடிவு மாறியிருந்தால் இன்று நமக்கு நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ நேராக வாக்களிக்கும் உரிமையே இருந்திருக்காது.

1948 நவம்பர் 4 அன்று வரைவு அரசமைப்பை அவையில் முன்வைத்தபோது அம்பேத்கர் பேசியதுதான் எல்லோரும் மேற்கோள் காட்டும் பேச்சு. கிராமம் என்பது குறுகிய பற்றுகளின் சாக்கடை, அறியாமையும் குறுகிய மனமும் வகுப்புவாதமும் குடியிருக்கும் குகை. வரைவு கிராமத்தைக் கைவிட்டுத் தனிமனிதரை அலகாக எடுத்துக்கொண்டதில் மகிழ்ச்சி என்றார். கிராமப் புகழ்ச்சி எங்கிருந்து வந்தது என்பதையும் அதே பேச்சில் சொல்கிறார். சார்லஸ் மெட்காஃப் என்ற ஆங்கிலேய அதிகாரி 1830இல் இந்தியக் கிராமங்களைச் சின்னக் குடியரசுகள் என்று எழுதினார். அரச வம்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தாலும் கிராமம் மட்டும் அசையாமல் நிற்கிறது என்று வியந்தார். நின்றது சரி, எந்த நிலையில் நின்றது என்பது அம்பேத்கரின் பதில் கேள்வி.

நேருவும் கிராமத்தை ஏற்கவில்லை. 1945 அக்டோபரில் காந்திக்கு எழுதிய பதிலில், கிராமம் அறிவிலும் பண்பாட்டிலும் பின்தங்கியது, அந்தச் சூழலிலிருந்து முன்னேற்றம் வராது என்றார். நேருவின் மறுப்பையும் அம்பேத்கரின் மறுப்பையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுவது தவறு. பின்தங்கிய நிலைதான் குறை என்றால் பள்ளிக்கூடமும் மின்சாரமும் கொடுத்துத் தீர்த்துவிடலாம். அம்பேத்கர் பார்த்த நோய் வேறு. ஊரில் ஒருவர் மேல் இன்னொருவருக்கு இருக்கும் பிடி, படிப்பும் மின்விளக்கும் வந்தாலும் தளராது என்பதை அவர் அறிந்திருந்தார்.

எப்படி அறிந்தார் என்றால், மகாட். 1923இல் பம்பாய் சட்டமன்றம் பொதுக் குளங்களையும் கிணறுகளையும் தீண்டத்தகாதோருக்குத் திறந்துவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. கொங்கணப் பகுதியில் உள்ள மகாட் நகராட்சி அதை ஏற்று 1924இல் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. தாளில்தான். ஊராருக்குப் பயந்து யாரும் குளத்தை நெருங்கவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்துபோய் அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார். திரும்பி வந்தவர்கள் தாக்கப்பட்டார்கள். தீட்டுக் கழிக்க என்று சாதி இந்துக்கள் 108 குடம் தண்ணீரை எடுத்து, சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து, மந்திரம் சொல்லிக் குளத்தில் ஊற்றினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சி தன் 1924 தீர்மானத்தை ரத்து செய்தது.

இங்கே கவனிக்க வேண்டியது: ரத்து செய்தது வெள்ளைக்கார அரசு அல்ல. மக்களுக்கு மிக அருகில் இருந்த உள்ளாட்சி. அருகில் இருந்ததாலேயே ஊர்ப் பெரும்பான்மையின் கோபம் அதை உடனே எட்டியது. குளத்தின் உரிமை பம்பாய் உயர் நீதிமன்றத்தில் உறுதியாக 1937 வரை ஆனது. இதையெல்லாம் கடந்து வந்தவரிடம் போய், ஊரே தன்னைத் தானே ஆளட்டும் என்று சொன்னால் அவர் என்ன நினைத்திருப்பார்?

ஆனாலும் அவர் உள்ளாட்சியை அடியோடு மறுத்தவர் அல்லர். 1932 அக்டோபரில் பம்பாய் சட்டமன்றத்தில் கிராமப் பஞ்சாயத்து மசோதா வந்தபோது அதை எதிர்த்துப் பேசினார். வயதுவந்த எல்லோருக்கும் வாக்கும், ஒடுக்கப்பட்டோருக்குத் தனி இடமும் இல்லாத பஞ்சாயத்தை ஏற்க முடியாது என்பது அவர் வாதம். 1948இல் பேசிய கடுமையான வாசகம் மட்டும் நினைவில் நின்று, 1932இல் வைத்த இந்த நிபந்தனை மறக்கப்பட்டது வருத்தத்துக்குரியது. அவர் நிலைப்பாட்டைப் புரிந்துகொள்ள நிபந்தனைதான் முக்கியம்.

சிறிய சமூகத்தின் பெரும்பான்மையைக் கண்டு அஞ்சியவர் அவர் ஒருவரே அல்லர். 1787இல் அமெரிக்க அரசமைப்புக்கு ஆதரவாக எழுதிய ஜேம்ஸ் மேடிசன், குடியரசு சிறியதாக இருக்கும்போதுதான் ஒரு கூட்டம் எளிதில் பெரும்பான்மையாகி மற்றவர்களை நசுக்கும், பரப்பு பெரிதானால் நலன்கள் பலவாகிப் பிரியும் என்று வாதிட்டார். (அந்த மேடிசனே அடிமைகளை வைத்திருந்தவர். அவருடைய பெரிய குடியரசும் அடிமைகளைக் காக்கவில்லை.) சுவிட்சர்லாந்தின் அப்பன்செல் இன்னர்ரோடன் மாநிலம் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. அங்கே குடிமக்கள் ஆண்டுக்கு ஒருமுறை திறந்தவெளியில் கூடிக் கைதூக்கி முடிவெடுக்கிறார்கள். நேரடி ஜனநாயகத்தின் மிகத் தூய வடிவம் என்று உலகமே புகழும் முறை. சுவிஸ் கூட்டாட்சித் தேர்தல்களில் பெண்களுக்கு 1971இல் வாக்கு கிடைத்தது. அப்பன்செல் ஆண்கள் 1990 ஏப்ரலிலும் கூடிப் பெண்களுக்கு வாக்கு வேண்டாம் என்று கைதூக்கினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் நாட்டின் உச்ச நீதிமன்றம் தலையிட்டபின்தான் அந்தத் திடலில் பெண்கள் இடம்பிடிக்க முடிந்தது. ஊர் கூடி முடிவெடுப்பது அழகான காட்சிதான். யார் அந்த ஊர் என்பதை ஊரே முடிவு செய்துகொண்டால் அநீதியும் அதே அழகோடு நடக்கும்.

இப்போது உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. படிக்கப் படிக்க மதிப்பு கூடும். ஊர் 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாக, பிரிக்கப்பட்டது. தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். இப்படித் தேர்ந்தவர்களைக் கொண்டு சம்வத்சர (ஆண்டு) வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று குழுக்கள் அமைந்தன. முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வர முடியாது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது. இன்றைய நம் தேர்தல் சட்டத்தில்கூட இவ்வளவு கண்டிப்பு இல்லை. இதைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் அதே சுவர் தகுதியையும் சொல்கிறது. கால் வேலிக்கு மேல் (வேலி என்பது பழைய நில அளவு) வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல் 70க்குள். வேத நூல் அறிவு வேண்டும். அது பிரமதேய ஊர், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுக்கப்பட்ட ஊர்; சபை பிராமண நில உடைமையாளர்களின் சபை. அந்த நிலத்தை உழுதவர்களின் பெயர் எழுதிய ஓலை அந்தக் குடத்துக்குள் போகவே இல்லை, பெண்களின் ஓலையும் போகவில்லை. பதவியில் இருப்பவரைக் கட்டுப்படுத்துவது எப்படி என்று உத்திரமேரூரிடம் நாம் நிறையக் கற்கலாம். யாரெல்லாம் ஊரார் என்பதை அதனிடம் கற்க முடியாது.

மீண்டும் 1948க்கு வருவோம். வரைவு அரசமைப்பில் பஞ்சாயத்து என்ற சொல்லே இல்லாதது அரசமைப்பு அவையில் பலருக்குப் பெரிய மனக்குறை. காந்தி கொல்லப்பட்டு ஓராண்டுகூட ஆகவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். டி. பிரகாசம், என்.ஜி. ரங்கா போன்றவர்கள் கடுமையாகப் பேசினார்கள். நம் கே. சந்தானம் 1948 நவம்பர் 22 அன்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். கிராமப் பஞ்சாயத்துகளை அமைத்து, அவை தன்னாட்சி அலகுகளாக இயங்கத் தேவையான அதிகாரத்தை அரசு அளிக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஏற்றுக்கொள்கிறேன் என்று அம்பேத்கர் சுருக்கமாகச் சொன்னார். அதுவே அரசமைப்பின் 40ஆவது உறுப்பு. வழிகாட்டு நெறிகளில் ஒன்று என்பதால் நீதிமன்றத்தில் கேட்டு வாங்க முடியாது.

44 ஆண்டுகள் கழித்து அரசமைப்பின் 73ஆவது திருத்தம் நிறைவேறி, 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. காந்தி கேட்ட ஊராட்சி கட்டாயமாயிற்று. அதோடு மக்கள்தொகைக்கேற்பப் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடம், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. 1932இல் அம்பேத்கர் வைத்த நிபந்தனை அப்போதுதான் ஏற்கப்பட்டது.

இருவர் சொன்னதும் உரைத்துப் பார்க்கப்பட்ட இடங்களில் மதுரை மாவட்டமும் ஒன்று. 1996 உள்ளாட்சித் தேர்தலில் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலையும் தடைகளையும் மீறித் தேர்தல் நடந்து முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று, பட்டப்பகலில், ஓடும் பேருந்தை மறித்து அவரையும் உடன் இருந்தவர்களையும் சேர்த்து ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளிலும் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தலிலும் பட்டியல் சாதியினர் தலைவராவதை ஆதிக்க சாதியினர் வேறு விதமாகத் தடுத்தார்கள். யாரையும் வேட்புமனு போட விடுவதில்லை. இல்லையென்றால் தாங்களே ஒருவரை நிறுத்தி, வென்ற கையோடு ராஜினாமா எழுதி வாங்கிவிடுவார்கள். பத்தாண்டுகள் இப்படியே ஓடின. அரசு, மாவட்ட நிர்வாகம், கட்சிகள், இயக்கங்கள் எல்லாம் சேர்ந்து உழைத்துத்தான் 2006 அக்டோபரில் அங்கே தலைவர்கள் பதவியேற்று நிலைக்க முடிந்தது. ஊரை அதன் போக்கில் விட்டிருந்தால் இன்றுவரை நடந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

பதவி கிடைத்தாலும் முடிந்துவிடுவதில்லை. நம் மாநிலத்தில் ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். தலைவர் பதவிக்கு இட ஒதுக்கீடு உண்டு, துணைத் தலைவர் பதவிக்கு இல்லை, வார்டு உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். பல ஊர்களில் ஆதிக்க சாதியினர் துணைத் தலைவர் பதவியைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போடாமல் இழுத்தடிப்பார்கள். குழாய் பழுது பார்க்கக்கூடப் பணம் எடுக்க முடியாது. பிறகு தலைவருக்கு நிர்வாகம் தெரியவில்லை என்று ஊரே பேசும். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரே கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளியானது நினைவிருக்கும்.

இவ்வளவும் படித்தபின், அப்படியென்றால் கிராமத்துக்கு எதுவும் கொடுக்கக் கூடாதா என்று தோன்றலாம். அதற்கு நியம்கிரி பதில் சொல்கிறது. ஒடிசாவில் டோங்கிரியா கோந்து மக்கள் தெய்வமாக வணங்கும் மலை அது. அதில் பாக்சைட் தோண்ட வேதாந்தா நிறுவனத்துக்காகத் திட்டம் போடப்பட்டது. வன உரிமைச் சட்டத்தின்படி முடிவைக் கிராம சபைகளிடமே விட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 18 அன்று தீர்ப்பளித்தது. மலையைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் இருக்க, மாநில அரசு 12 ஊர்களை மட்டும் தேர்ந்தெடுத்தது. அந்த ஆண்டு ஜூலையிலும் ஆகஸ்டிலும், மாவட்ட நீதிபதி நிலையில் ஒருவர் முன்னிலையில், 12 கிராம சபைகளும் கூடின. ஒன்றுகூட மலையை விட்டுக்கொடுக்கவில்லை. டெல்லியிலும் புவனேஸ்வரத்திலும் விலைபேசப்பட்ட மலையை அதன் அடிவாரத்தில் வாழ்பவர்கள் காப்பாற்றினார்கள். காந்தி 1909இல் அஞ்சியதும் நம்பியதும் இரண்டுமே இங்கே மெய்யாகிவிட்டன.

மேலவளவிலும் நியம்கிரியிலும் ஊர்தான் பேசியது. ஓரிடத்தில் தன்னுள் இருக்கும் ஒரு பிரிவினரை அடக்குவதற்காகப் பேசியது, மற்றோரிடத்தில் தன் மலையை வெளியிலிருந்து வந்த பெரிய கைகளிடமிருந்து காப்பதற்காக. அதனால்தான் ஊரை நம்பலாமா கூடாதா என்று பொதுவாகக் கேட்பதை நான் ஏற்பதில்லை. எதைப் பற்றிய அதிகாரம், யார் மேல் என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

நீங்கள் கடைசியாகக் கேட்டது, முழு அதிகாரமும் கிராம சபைக்குப் போனால் நல்லாட்சி வருமா என்று. முழு அதிகாரம் கூடாது என்பதற்குக் காரணம் மேலே சொல்லிவிட்டேன். ஆனால் சட்டப்படி கொடுக்க வேண்டியதையே நாம் இன்னும் கொடுக்கவில்லை. அரசமைப்பின் 11ஆவது அட்டவணையில் 29 பொருள்கள் இருக்கின்றன: குடிநீர், சிறுபாசனம், தொடக்கப் பள்ளி, சுகாதாரம் என்று. அவற்றில் எவற்றை ஒப்படைப்பது என்பது மாநிலத்தின் விருப்பம். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆவது பிரிவின்படி மக்கள் தேர்ந்தெடுத்த தலைவரை மாவட்ட ஆட்சியர் பதவிநீக்கம் செய்யலாம். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பர் வரை தேர்தலே நடக்கவில்லை, தனி அலுவலர்கள் நடத்தினார்கள். சட்டமன்றத்தை மூன்று ஆண்டுகள் இப்படிப் பூட்டி வைத்திருந்தால் நாடு கொந்தளித்திருக்கும்.

ஆகவே என் கோரிக்கைகள் எளியவை. துணைத் தலைவர் கையெழுத்து என்ற முட்டுக்கட்டைக்கு ஒரு காலக்கெடு வேண்டும். அதற்குள் காரணம் எழுதித் தராவிட்டால் தலைவரின் கையெழுத்தே போதும் என்று விதி மாற வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டவரை நீக்கும் அதிகாரம் ஆட்சியரிடமிருந்து ஒரு நடுவர் அமைப்புக்குப் போக வேண்டும். கிராம சபைத் தீர்மானத்துக்கு வட்டார வளர்ச்சி அலுவலர் இத்தனை நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்று கட்டாயம் வேண்டும். நாற்காலி மறுத்தல், தேசியக் கொடி ஏற்ற விடாமல் தடுத்தல் போன்றவற்றில் ஊர்ச் சமரசத்துக்கு இடமே கொடுக்காமல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் உடனே வழக்குப் பதிய வேண்டும்.